காசு விளிம்பில் எழுத்து

நல்லது செய்யப் போய் எட்டு வருஷம் பேச்சில்லாமல் கிடந்த ஆள் நான். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

என் பெண்டாட்டி ஹேமலதாவின் அண்ணன் தெய்வசிகாமணி. கடலோரம் பிள்ளைச்சாவடியில் போட் இன்ஜின் ரிப்பேர் செய்தவர். எந்நேரமும் கை முழுக்க கிரீஸ். அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் அடித்த செம்புக்காசுகளை விரல் நுனியில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. மொத்தம் ஏழு காசு. ஆறு தபாலில் வாங்கியது. ஏழாவது, டவுனில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட பித்தளைச் சாமானோடு வந்தது.

அந்த ஏழாவதுதான் வினை. வருஷம் போட்ட இடம் தேய்ந்துபோயிருந்தது. முடியை விரித்துப்போட்ட ஒரு பொம்பளை முகமும், அவளுக்குப் பின்னால் கொம்பில் மாட்டிய தொப்பியும் லேசாகத் தெரியும். விளிம்பு பூராவும் கறுப்பாக அழுக்கு இறுகிக் கிடந்தது. மச்சான் அதை ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஜாம் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தார். அழுக்கு தானாக இளக வேண்டுமாம். சாயங்கால வெயில் பட்டால் எண்ணெய் பச்சையாக மின்னும். அடியில் அந்தப் பொம்பளை கடலுக்குள் தூங்குகிறவள் மாதிரி கிடப்பாள். நானே ரெண்டு மூன்று தடவை நின்று பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு அவர் வீட்டை ஒட்டின பட்டறையில் உதவிக்குப் போனேன். ஸ்பேனரெல்லாம் துடைத்தேன். விளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கினேன். அந்தக் கையோடு ஜன்னலில் இருந்த காசையும் எடுத்து விளக்க ஆரம்பித்தேன். பொம்பளை முகம் புதுச் செப்புக்குடமாகப் பளபளத்தது. விளிம்புக்குப் போவதற்குள் மச்சான் வந்துவிட்டார்.

"யோவ், என்னய்யா பண்ற?"

"விளக்குறேன் மச்சான். சாமி முன்னாடி இப்படியா கறுப்பா வைக்கிறது?"

"இருநூறு வருஷமா ஏறின நெறம்யா அது! போய் உன் மூஞ்சிய புளி போட்டு விளக்கு!"

அதோடு சரி. கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்த பந்தியில்கூட அவர் உட்காரவில்லை.

பிறகு சர்க்கரை அவர் கண்ணைத் தின்றது. கிட்னியும் போய், வாரம் ரெண்டு நாள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுக்க வேண்டும். போன ஐப்பசியில் அவர் சம்சாரம் அஞ்சலாட்சி போன் பண்ணியது. "அண்ணே, உங்க மச்சான் கூப்பிடுறாரு. பழச மனசுல வெச்சுக்காம வாங்க."

போனேன். ஜன்னலோரம் படுத்திருந்தார். கடல் சத்தம் கட்டிலுக்கடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

"படிச்சவன் வேணாம் மாப்ள. புக்குல இருக்கறத காசுல பார்ப்பான். நீ ஆறாங்கிளாசு. கண்ணுல பட்டதச் சொல்லுவ."

"கூப்பிட்டு வெச்சு நல்லா மரியாத பண்றீங்க."

சிரித்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். எங்கேயோ மிதந்துகொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. முதலில் அடித்த காசு தடிமனாம். விளிம்பைச் சுற்றி, நூறு சேர்ந்தால் ஒரு டாலர் என்று எழுதியிருப்பார்களாம். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஐந்தில் எடையைக் குறைத்தார்களாம், அதோடு எழுத்தும் போனதாம். "எந்தக் கப்பல்ல ஏறிச்சோ, எவன் சட்டப் பையில தூங்கிச்சோ, என் ஜன்னலுக்கு வந்துச்சு. தொண்ணூத்தி நாலுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. மெஷின்ல படுத்திருக்கறப்ப இதே நெனப்பு. தெரியாமயே போயிடுவனோன்னு பயமா இருக்கு. அழுக்கு இளகிடுச்சு. எழுத்து இருக்கா பாரு."

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. ஜன்னலில் இருந்த பாட்டிலிலிருந்து காசை வெளியே எடுத்து, எண்ணெய் வழிய வழிய வெயிலில் திருப்பினேன். மெல்லிசாக, வழவழவென்று இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. நான்தான் தேய்த்து அழித்தேன் என்பாரோ? இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்?"

"எழுத்து இல்ல மச்சான்."

"திரும்பப் பாரு."

பார்த்தேன். "இல்ல. மொழுக்குனு இருக்கு. நான் விளிம்பத் தொடவே இல்ல மச்சான், சத்தியமா."

அவர் கையை நீட்டினார், காசை வைத்தேன். கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். ஏதோ ஊரைச் சுற்றி நடக்கிற மாதிரி, மெதுவாக.

"மெல்லிசா இருக்கு, அடிக்கறப்பவே எழுத்து இல்ல மாப்ள. உன் மேல தப்பில்ல. கொம்புல தொப்பி இருக்கு, எழுத்து இல்ல. தொப்பி தொண்ணூத்தாறோட நின்னுபோச்சு, அதனால தொண்ணூத்தஞ்சு கடைசியா இருக்கணும், இல்லன்னா தொண்ணூத்தாறு." அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பொய் சொல்லுவியோன்னு நெனச்சேன்."

"சொல்லத்தான் பார்த்தேன்."

"அலமாரியில காசு கவர் இருக்கு. தொண்ணூத்தி நாலுன்னு செவப்பு மையில எழுதி வெச்சிருப்பேன், அத அடிச்சிடு. தொண்ணூத்தஞ்சா தொண்ணூத்தாறா தெரியலன்னு எழுது. உன் கையாலயே எழுது மாப்ள, கோணலா வந்தாலும் பரவால்ல."