கரையில் இருந்த புற்று

கெலவரப்பள்ளியைத் தாண்டி, பெங்களூர்க்காரர் ஒருவர் தன் நிலத்தில் ஓடையை மறித்து மண் அணை கட்டியிருக்கிறார். பாசனத்துக்கு இல்லை. சனி, ஞாயிறு காரில் வருகிறவர்கள் அன்னப்பறவைப் படகு மிதிப்பதற்கு. படகுகளையும் மதகையும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீடு கரைக்கு நேர் கீழே. எங்களுக்குக் கீழேயும் சில குடும்பங்கள் உண்டு.

கரைச் சரிவில் ஒரு புற்று வளர்ந்தது. என் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றினேன். "நாகம்மா, ஒரு உசிரைக் குடு. கொண்டாந்து உன் முன்னாடி கிடத்தறேன்" என்று வேண்டினேன். கொடுத்தாள். இந்தப் புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். பிறந்து ஒரு மாதம் முடிந்ததும் கிடத்தலாம் என்றிருந்தேன்.

அதற்குள் கரையின் அடியில் கசிவு கூடியது. எப்போதும் கொஞ்சம் கசியும், தெளிவாக இருக்கும். இந்த முறை செம்மண் கலங்கி வந்தது. முதலாளி ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தார். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் புற்றின் முன் நின்றார்.

"கரையான் உள்ளே வழி பண்ணிடுச்சு. தண்ணி அதுல மண்ணைக் கரைச்சுக்கிட்டு வருது. முதல்ல தண்ணியைக் குறைங்க. அப்புறம் இதைத் தோண்டிட்டுக் களிமண் போட்டு இறுக்குங்க. பெருமழை வந்தா கரை தாங்காது."

வீட்டுக்காரர் மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினார். பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும் குழந்தையையும் மேட்டிலிருந்த விருந்தினர் அறைக்கு அனுப்பினோம். கீழே இருக்கிற பிள்ளைகளை எங்கே அனுப்புவது? ஆனால் புற்றை இடித்தால், கொடுத்தவளே திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தேன்.

ஜேசிபி வந்தது. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றினான், கும்பிட்டான், திரும்பி நின்றுவிட்டான்.

"நான் கை வெக்கமாட்டங்கா. புள்ளகுட்டிக்காரன்."

முதலாளி கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தார். "பேடம்மா, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நீங்கதானே கும்பிட்டீங்க, நீங்களே உத்தரவு கேளுங்க."

"ஊத்து ஊத்துன்னு பாலை ஊத்தினவ நீதான மே. போய்க் கேளு" என்றார் வீட்டுக்காரர்.

புற்றின் உச்சியில் இரண்டு பக்கமும் பூ வைத்தேன். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. கற்பூரம் கொளுத்திக் கண்ணை மூடினேன். திறந்தபோது இடப்பக்கப் பூ கீழே கிடந்தது.

"பாத்தியாக்கா" என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டியில் ஏறினான்.

கர்நாடகா பக்கம் வானம் இருண்டிருந்தது. கீழே ஒரு பெண் கசிவுத் தண்ணீருக்குப் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், இடுப்பில் பிள்ளை. நான் கடப்பாரையை எடுத்தேன்.

"தாயே, கோவம் இருந்தா என்னோட முடிச்சுக்கோ. அந்தப் பச்சமண்ணுகிட்ட போவாத."

நான் வைத்த குங்குமத்தின் மேலேயே முதல் குத்து விழுந்தது. அதன் பிறகுதான் டிரைவர் வந்தான். தோண்டத் தோண்டப் பொந்து உள்ளே போனது. வீட்டுக்காரர் கையை விட்டார், தோள்வரை போயிற்று. பாம்பு இல்லை. ஏற்கெனவே போய்விட்டாளா, அங்கே இருந்ததே இல்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. களிமண் கொட்டி, நனைத்து, இடித்து இறுக்கினார்கள். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

அந்த வாரமே குழந்தைக்குச் சளி பிடித்தது. சின்னக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். என் மனசு அடங்கவில்லை.

மாதம் முடிந்து கரைக்குப் போனோம்.

"எங்கம்மா கிடத்தறது? இங்க ஒண்ணுமே இல்லியே" என்றாள் மகள்.

புது மண்ணின் மேல் என் பழைய சேலையை விரித்துக் குழந்தையைக் கிடத்தினேன். கீழே கசிவைப் பார்க்கப் போன வீட்டுக்காரர் கூவினார்: "தெளிஞ்சு வருது மே!"

மகள் சிரித்தாள். நான் கும்பிட்ட கையை எடுக்காமல், அடைத்த மூக்கோடு குழந்தை விடும் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.