ஐந்தாவது கேபினின் பங்கு

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் விடுங்கள். இது நடந்தது. இன்றைக்கும் ஹெட்போனைக் காதருகே கொண்டுபோனால் எனக்குக் குமட்டுகிறது. கட்டிவிட்ட கதைக்கு வயிறு குமட்டுமா?

2004. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். நுஸைபா அக்கா அங்கே பெண்களுக்கென்று ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார். வெள்ளிக்கிழமை துபாயில் விடுமுறை. அன்று மதியம் ஊரிலுள்ள மனைவிமார் கேபின் கேபினாக உட்கார்ந்து கணவன்மாரோடு பேசுவார்கள். யாராவது ஒருத்தி பாட்டு இறக்கினால் போதும், அத்தனை பேச்சும் அறுந்துபோகும். அதைச் சரிசெய்யத்தான் தஞ்சாவூரிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்.

வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போன்ற வேலைதான். பேச்சு, இணையப் பக்கம் பார்ப்பது, பாட்டு இறக்குவது என்று இன்டர்நெட் லைனை மூன்று வகுப்பாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் குறையாத ஒரு பங்கு. ஒரு வகுப்பில் ஆள் இல்லையென்றால் அதன் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆள் வந்ததும் விட்டுவிட வேண்டும். பேச்சு வகுப்புக்குள் எத்தனை பேர் பேசுகிறார்களோ, அத்தனை சம பங்கு.

அன்று நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என் திரையில் ஐந்து பங்கு ஓடியது.

கூடுதல் பங்கு ஐந்தாவது கேபினுடையது. அங்கே அஃப்ரீன் என்ற பெண் இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துபாயிலிருந்த கணவன் ஜாஹித்திடமிருந்து இரண்டு வாரமாகப் பேச்சே இல்லை.

"அது இன்னும் பேசலைங்க தம்பி, லைனுக்குக் காத்துக்கிட்டிருக்கு" என்றார் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டாப் போதும்னு வெயில்ல வந்து உக்காந்திருக்கு, பாவம்."

எட்டிப் பார்த்தேன். முதலில் வந்தது நாற்றம். கருவாடு இல்லை, அந்த ஊரில் அது பழகிவிடும். இது இனிப்புக் கலந்த அழுகல்... நாக்கில் ஒட்டியது.

அஃப்ரீன் ஹெட்போன் மாட்டியிருந்தாள். அவள் திரையில் 'இணைப்பு இல்லை' என்றிருந்தது. ஆனால் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா மச்சான்?"

ஹெட்போனிலிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம். சளி கட்டிய தொண்டையில் காற்றுப் போவது மாதிரி. அப்புறம் ஈக்கள்... நிறைய ஈக்கள்.

மணி 3.40. என் இடத்துக்கு ஓடி, கம்ப்யூட்டரில் ஐந்தாவது கேபினின் லைனை அடைத்தேன். அடைபடவில்லை. திரும்ப வந்து கேபிளைப் பிடுங்கினேன். பிளக் வழவழத்தது. விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டி, நூலாக நீண்டது. சீ... சட்டையில் துடைக்கக்கூட அருவருப்பாக இருந்தது.

திரையில் இன்னும் ஐந்து பங்கு. சரிசமமாக.

ஹெட்போன் ஸ்பாஞ்சிலிருந்து அதே மஞ்சள் நீர் அவள் கழுத்தில் இறங்கியது. அவளுக்கு உறைக்கவில்லை. சிரித்தாள்.

"கழட்டும்மா."

"வேணாம் சார். பேசுறாங்க."

அப்போது குரல் எனக்கும் கேட்டது. தெளிவாக.

"அஃப்ரீன்... அங்கயும் நாத்தம் வருதா?"

வாந்தி எடுத்தேன். அங்கேயே.

3.52. நான்கு பங்கு.

மறுவாரம் நுஸைபா அக்கா போன் செய்தார். ஜாஹித்தின் அறைக் கதவை ஞாயிற்றுக்கிழமை உடைத்தார்களாம். ஏசி நின்றுபோன அறை. உயிர் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்றாராம் டாக்டர். முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

பக்கத்து அறையில் இருந்தவன் முபாரக். "இத்தனை நாளு எப்படிப்பா விட்டீங்க?" என்று அக்கா அவனிடம் கேட்டிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே நாற்றம் பொறுக்காமல் அவன் போய்க் கதவைத் தட்டினானாம். உள்ளே ஜாஹித் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தானாம். பேச்சை நிறுத்தி இவனுக்குப் பதிலும் சொன்னானாம்.

"மீன் கெட்டுப்போச்சுடா. பேசி முடிச்சிட்டுக் கொட்டிடுறேன்."