மாலை போட்ட வருஷத்துக் கடலைக் கொல்லை

குத்தம்பாக்கத்தில் எங்கள் கடலைக் கொல்லையும் என் கணவருடைய அண்ணன் கொல்லையும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு வரப்பு. சுற்றிலும் வீட்டுமனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். இருந்தாலும் இந்த இரண்டு துண்டிலும் மருந்து அடிப்பதில்லை என்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள். ஒருவர் அடித்தால் மற்றவர் அடிக்காமல் இருந்து பயனில்லை. பூச்சியைத் தின்கிற பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் வரப்பு தெரியாது.

கொல்லை ஓரம் ஆமணக்கு போடுவோம். அந்துப்பூச்சி பெரும்பாலும் கடலையை விட்டுவிட்டு ஆமணக்கு இலையில்தான் முட்டை வைக்கும். பழுப்புப் பஞ்சு ஒட்டினது போல இருக்கும். விடிந்ததும் அந்த இலையைக் கிள்ளிக் காலில் போட்டு நசுக்கிவிட்டால் போதும். தப்பின புழுவைக் கரிச்சான் குருவி பார்த்துக்கொள்ளும்.

அந்த வருஷம் என் கணவர் மலைக்கு மாலை போட்டிருந்தார். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். முட்டை இலையைக் கிள்ளி வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் நசுக்கறேன் சாமி" என்றேன்.

"மால போட்ட ஊட்ல அந்தப் பாவம் வோணாம். எங்கனா போயி பொழச்சிக்கட்டும்."

மாலை போட்டவர் சொன்னால் மறுபேச்சு ஏது. அண்ணன் கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை புதர் மண்டிக் கிடந்தது. மார்கழி முழுக்க, கிள்ளின இலைகளை முறத்தில் எடுத்துப்போய் அங்கே வைத்துவிட்டு வந்தார். புழு புதரைத் தின்றுகொண்டு அங்கேயே கிடக்கும் என்று நினைத்தார்.

மனைக்காரர்கள் பொக்லைன் கொண்டுவந்து ஒரே பகலில் புதரை வழித்துவிட்டார்கள். தின்ன ஒன்றும் இல்லாத புழு அத்தனையும் அண்ணன் கொல்லையில் இறங்கியது. கடலை இலை சல்லடையாகிவிட்டது.

"இன்னா சாமி, உன் புண்ணியமெல்லாம் என் கொல்லையில மேஞ்சிகினு கீது" என்றார் பெரியவர், அவர் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கையால பொறுக்கிடறேண்ணா. வேப்பங்கொட்ட கரைச்சி ஊத்தலாம்."

"பொறுக்கி? இருமுடியில வெச்சி மலைக்குத் தூக்கினு போவியா? நீ பூசயப் பாரு நைனா. பயிர நான் பாத்துக்கறேன்."

மறுநாள் திருமழிசையில் மருந்து வாங்கிவந்து அடித்தார். புழு செத்தது. பொறிவண்டும் சிலந்தியும் கூடவே செத்தன. வரப்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தன. என் கணவர் அவற்றை முறத்தில் அள்ளினார்.

மலைமேல் இருக்கிற சாமி மீது எனக்குக் குறையில்லை. உயிரைக் காக்கச் சொன்னது தப்பில்லை. எந்த உயிரை என்று எங்களுக்குத்தான் புரியவில்லை.

அடுத்த பட்டத்து விதைப்பில் எங்கள் கடலையில் அசுவினிப் பூச்சி ஏறியது. எப்போதும் ஏறுவதுதான், பொறிவண்டு வந்து தின்றுவிடும். அந்த முறை ஒன்றுகூட வரவில்லை. செடி சுருண்டுகொண்டே போனது. எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? என் கணவர் அண்ணன் வீட்டுக்குப் போய் மருந்து அடிக்கிற டேங்கைக் கேட்டார். பெரியவர் அதை நன்றாகக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.