சீதனக் காணியில் ஒரு குதிரை

1. சித்தப்பா மலைநாட்டுக்குச் சுற்றுலா போனார். பந்தயத்துக்கு உதவாது என்று கழித்துவிட்ட குதிரை ஒன்றோடு திரும்பி வந்தார்.

2. உப்புவெளிக் கடற்கரையில் அதைச் சவாரிக்கு விட்டார். வெள்ளைக்காரர் ஏறினார்கள், கொழும்புக் குடும்பங்கள் ஏறின. சீசன் இல்லாத மாதங்களில் கலியாண மாப்பிள்ளைகள் ஏறினார்கள்.

3. குதிரைக்கு முன்னங்கால்கள் நோகத் தொடங்கின. சித்தப்பா அதைக் கள்ளம் என்றார்.

4. ஒரு மாப்பிள்ளையோடு அது முழங்கால் மடிந்து விழுந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி கிழிந்தது. ஊர் வேட்டியைப் பற்றிக் கதைத்தது.

5. மிருக வைத்தியர் வந்து பார்த்தார். இனி இதில் ஒருவரும் ஏறக் கூடாது என்றார்.

6. அன்றிலிருந்து எல்லோரும் குதிரையில் அன்பு செலுத்தத் தொடங்கினார்கள்.

இந்த ஆறாவதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மற்ற ஐந்தும் எந்த ஊரிலும் நடக்கக் கூடியவை.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கெட்டவர் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கவனித்த அளவில், மற்றவர்கள் முடித்துவைக்க வேண்டிய வேலைகளைத் தொடங்கிவிடும் ஆட்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

வைத்தியர் அரசாங்கப் பெண் வைத்தியர். மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர். அதை அவரே சொன்னார். குளம்பைப் படம் எடுத்து, மலைநாட்டில் குதிரைகளைப் பார்க்கும் வைத்தியர் ஒருவருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் முடிவைச் சொன்னார். முன்னங்கால்கள் இரண்டிலும் குளம்புக்குள் இருக்கும் எலும்பு இடம் விலகிக் கீழே அழுந்துகிறது. குதிரை ஒவ்வோர் அடியையும் தன் எலும்பின் மேலேயே வைக்கிறது.

"மருந்து தரலாம், நோவு கொஞ்சம் குறையும்," என்றார். "சுடுற மணலும் தார் ரோட்டும் கூடாது. நிழல் வேணும், மெத்தெண்ட தரை வேணும். ஆனா இது சுகப்படுற வருத்தம் இல்லை. ஒருநாள் படுத்தா எழும்பாது. அந்த நாள் வரக்குமுதல் ஊசி போட்டு அனுப்புறதுதான் நல்லம். அதுக்குச் சொந்தக்காரர் ஓம் எண்டு சொல்ல வேணும்."

சொந்தக்காரர் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வைத்தியரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பியதும் வாய்கள் திறந்தன. கோயிலுக்கு நேர்ந்து விடுவம் என்று சித்தி தொடங்கினார். நேர்ந்துவிட்டால் அது சாமியின் குதிரை. அதற்கு வைக்கோல் போடுவதும் சாமியின் பொறுப்பு. நேர்ந்துவிட்ட மாடுகள் சந்தைக்குப் பின்னால் காட்போட் மட்டை தின்பதை நான் வேலைக்குப் போகும் வழியில் நாளாந்தம் பார்க்கிறேன். அவையும் யாரோ ஒருவருடைய பக்திதான்.

சித்தப்பாவுக்கு வேறு யோசனை இருந்தது.

"கோட்டையடியில மானெல்லாம் திரியுது தானே. அதுகளோட விட்டா இதுவும் ஒரு பக்கத்தில மேயும்."

"மான் பொலித்தீன் தின்னுது, சித்தப்பா."

"அதுகள் பழகீட்டுது."

"அப்ப இதையும் பொலித்தீனுக்குப் பழக்கப் போறீங்களோ?"

"நீ எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருப்பாய்," என்றார். அவர் வீட்டில் இதற்குப் பதில் இல்லை என்று அர்த்தம்.

முன்பு சவாரி செய்த வெள்ளைக்காரி ஒருத்தி குதிரையின் காணொளியை இணையத்தில் போட்டாள். 'காப்பாற்றுங்கள்' என்று பல நாட்டிலிருந்து எழுதினார்கள். யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தெரியவில்லை. அதன் கீழே நான் வைக்கோல், மருந்து, குளம்பு சீவத் தெரிந்த ஓர் ஆள் என்று தேவையானவற்றை எழுதிப் போட்டேன். சிவப்பு இதயங்கள் வந்தன. கும்பிடும் கைகளும் வந்தன. இதயத்தைத் தின்னும் குதிரை என்றால் அது கொழுத்திருக்கும்.

கண்டி வீதிப் பக்கம் எனக்கு ஒரு காணி இருக்கிறது. அம்மா எனக்கென்று எழுதிவைத்த சீதனக் காணி. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து ஏறுவார். அங்கே இன்னும் வீடு கட்டவில்லை. செம்மண், இரண்டு வேப்பமரம், கம்பி வேலி. லொறியில் வைக்கோல் பரப்பிக் குதிரையை அங்கே கொண்டுபோனேன். கடற்கரை வெக்கையிலிருந்து வெளியே வந்ததும் அது மரநிழலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றது. வேலைக்குப் போகமுன்னும் வந்தபின்னும் போய்ப் பார்த்தேன். பழக்கடையில் கழிக்கும் வத்தகப்பழத் தோல் என்றால் மட்டும் காது முன்னால் வரும். வேறு எதற்கும் வராது, எனக்கும் வராது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் குச்சவெளிப் பக்கமிருந்து ஒருவர் காணிக்கு வந்தார். சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு வந்தார். கடற்கரையில் சுற்றுலாக்காரருக்குக் கொட்டில் வாடகைக்கு விடும் ஆள். சும்மா வளர்க்கவென்று கேட்கிறார் என்றார் சித்தப்பா. வந்தவரும் அதையே சொன்னார்.

"எங்கட பக்கம் நல்ல புல்லு, தங்கச்சி. சும்மா நிண்டு மேயட்டும். வாயில்லாச் சீவன் தானே."

குளம்பு யார் சீவுவார்கள் என்று கேட்டேன். ஆள் பிடிக்கலாம் என்றார். மருந்து யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். பெடியள் நிற்கிறார்கள் என்றார். படுத்து எழும்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஏன் தங்கச்சி அபசகுனமாக் கதைக்கிறீங்கள்?" என்றார். சித்தப்பாவும் அவரோடு சேர்ந்து தலையை ஆட்டினார்.

கயிற்றை அவிழ்க்கப் போகும்போது அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணை, சேணத்தையும் தாங்கோவன். உங்களுக்கு அது சும்மா தானே கிடக்குது."

"குதிரை மேயத்தானே போகுது?" என்றேன். "சேணம் ஆருக்கு?"

"சும்மா ஒரு வடிவுக்குத் தான், தங்கச்சி."

"வடிவுக்கு எண்டா உங்கட முதுகில கட்டுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது, என் மேல். ஒரு மனிதன் ஆசைப்பட்டுக் கேட்கிறான், நான் மரியாதை இல்லாமல் கதைக்கிறேன் என்றார். அந்தக் குதிரை மறுபடியும் மணலில் ஆள் ஏற்றிக்கொண்டு நடக்கப் போகிறது என்று அவருக்கு விளங்கவில்லையா என்று கேட்டேன். விளங்கியிருந்தது. தன் கண்ணுக்கு முன்னால் நடக்காவிட்டால் சரி என்பதுதான் அவருடைய நிலை. குச்சவெளி கண்ணுக்கு எட்டாத தூரம்.

வந்தவரை அனுப்பிய பிறகு, அதே வேப்பமரத்தடியில் சித்தப்பாவிடம் நேரே கேட்டேன்.

"டொக்டருக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

"என்ர வாயால நான் சொல்ல மாட்டன். பாவம் பிள்ளை அது."

"அப்ப ஆர் சொல்லுறது?"

"நீ எதையாவது செய். எனக்குச் சொல்லாத. நான் கேக்கவும் மாட்டன்."

"ஏலாது. குதிரை உங்கட. சொல்ல விருப்பமில்லை எண்டா எனக்குத் தாங்கோ. நான் சொல்லுறன்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. குச்சவெளிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் அதே முகம்தான். "எடு பிள்ளை, எடு. இண்டையில இருந்து உன்ர," என்றார். அன்பாகத் தட்டிக்கொடுத்தார், குதிரையை அல்ல, என்னை. குதிரையைத் தந்துவிட்டுச் சேணத்தைத் தான் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது. பொறுப்பு ஒருவரிடம் இருந்தால் மிச்சமெல்லாம் வெறும் ஒழுங்குதான். நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்; எந்தக் கிணற்றுக்குள் எது ஊறி வரும் என்று பார்ப்பதுதான் என் தொழில். சித்தப்பாவின் வளவு மணல். கொஞ்சம் கிண்டினாலே தண்ணீர் வரும், சுற்றிவரக் குடிக்கிற கிணறுகள். அங்கே குழி வெட்டித் தாட்டால் அந்தக் குறிச்சியே குதிரையைக் குடிக்கும். ஊசி மருந்து உடம்பில் தங்கிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆழமாகப் புதைக்காவிட்டால் தோண்டித் தின்னும் நாயும் காகமும் சாகும். கடலில் விடலாம் என்று சித்தி சொல்லியனுப்பினார். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் வலை இழுப்பவர்களுக்கு அதைப் பரிசாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுப் பதில் அனுப்பினேன்.

ஆக, என் காணிதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மூலையைப் பார்த்து, இவ்வளவு ஆழம், மேலே சுண்ணாம்பு என்று சொல்லிச் சம்மதித்தார். மாரி மழை தொடங்க முன் குழி வேண்டும். பிந்தினால் அதற்குள் தண்ணீர் நிற்கும். மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்துக்குச் சொல்லிவைத்தேன். எப்போது என்பதை வைத்தியரும் நானும் பேசி முடிவு செய்தோம்: பகலில் நிற்பதைவிடப் படுப்பது கூடினால், படுத்த இடத்தில் தோல் புண்ணானால், தீனுக்கு எழும்பாவிட்டால். மூன்றில் இரண்டு வந்தால் காத்திருப்பதில்லை.

அம்மா அன்றிரவு குசினியில் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினார். அந்த நாட்களில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சீதனக் காணியில சவம் தாட்டா எந்த மாப்பிள்ளை வருவான்?"

"குதிரையில வாறவன் வரமாட்டான். மற்றவன் வரலாம்."

"பகிடி விடாத. அவை காணி பாக்க வந்தா நான் என்ன சொல்லுறது?"

"தெற்கு மூலையில குதிரை, வடக்கு மூலையில கிணறு வெட்டலாம் எண்டு சொல்லுங்கோ."

"ஆரும் கேட்டாச் சிரிப்பினம்."

"சித்தப்பாவிட்டையும் போய்க் கேட்டுச் சிரிக்கச் சொல்லுங்கோ அம்மா. எல்லாரும் என்னட்டைத்தானே கேக்கினம்."

பிறகொரு நாள் காணி பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீதி எவ்வளவு அகலம், மின்சாரம் எதுவரை வந்திருக்கிறது, பக்கத்துக் காணி யாருடையது என்று கேட்டார்கள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் படுத்திருந்த குதிரையைப் பார்த்துவிட்டு, இது இங்கே நிரந்தரமா என்று கேட்டார்கள். ஓம், இன்னும் கொஞ்ச நாளில் நிரந்தரம் என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

மழைக்கு முன்பே மூன்றில் இரண்டு வந்துவிட்டன. விலாவில் புண். வத்தகப்பழத் தோலைக் காட்டினால் காது வரும், உடம்பு எழும்பாது. நான் வைத்தியருக்கு அழைத்து, ஓம் என்றேன். அந்தச் சொல்லுக்குத்தான் இத்தனை பேர் இத்தனை மாதம் ஒளித்துத் திரிந்தார்கள். சொல்ல ஒரு நொடியும் போகவில்லை. அதைச் சொன்ன பிறகு பழக்கடைக்குப் போய் ஒரு முழு வத்தகப்பழமே வாங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் செய்தோம். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று சித்தி தகவல் அனுப்பினார். அம்மா குடையோடும் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீரோடும் வந்தார்.

"டொக்டர் வெள்ளென வெளிக்கிட்டிருப்பா, ஒண்டும் குடிச்சிருக்க மாட்டா," என்றார். வந்த காரணம் அதுதான் என்பதுபோலக் கம்பி வேலியோரம் கடைசிவரை நின்றார்.

முதலில் மயக்கத்துக்கு ஒன்று, பிறகு மற்றது. நான் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தேன், இழுக்க அல்ல, பிடிக்க. தலை என் மடியில் பாரமாக இறங்கியது. வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முடிந்தது என்றார். கஷ்டப்படவில்லை. அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த வாரமே உப்புவெளிச் சந்தியில் பதாகை தொங்கியது. 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. படத்தில் சித்தப்பா கறுப்புக் கண்ணாடியோடு குதிரைமேல் இருந்தார். அவர் முகம் முழுதாக இருந்தது. குதிரைக்குப் பாதி முகம்தான் இடம் கிடைத்திருந்தது. காய்ச்சல் சுகமாகிவிட்டது போலும். கடைவாசலில் ஆட்கள் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். அவர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். நான் ஸ்கூட்டியில் அவர்களைத் தாண்டிப் போனேன். ஒருவரும் என்னை விசாரிக்கவில்லை. கொன்றவளிடம் யார் துக்கம் விசாரிப்பார்கள்?

போன மாதம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். சீசன் நன்றாக இருக்கிறதாம். மலைநாட்டில் இன்னொரு குதிரை கழிக்கப் போகிறார்களாம், வயது குறைவாம். உன்ர காணியில கட்டலாமோ பிள்ளை, நிழல் இருக்குது தானே, என்று கேட்டார்.

"கட்டலாம்," என்றேன். "அதின்ர கடைசி நாளில டொக்டருக்கு ஆர் ஓம் சொல்லுறது எண்டு இப்பவே சொல்லுங்கோ. பிறகு கொண்டு வாங்கோ."

"வாங்க முதலே சாவுக் கதையோ?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். எனக்கும் அதே அளவு ஊற்றினார்.

இப்போதைய நிலை இது: குழியின் மண் முதல் மழைக்குத் தாழ்ந்தது, மேலே மண் போட்டு நிரப்பியிருக்கிறேன். பக்கத்துக் காணிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன், சுத்தமாக இருக்கிறது. சம்பந்தக்காரர் திரும்பி வரவில்லை. சித்தப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. புதுக் குதிரையும் இன்னும் வரவில்லை.