சுடும் பட்டன்

திருவரங்குளம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த பிறகு என் கணவருக்கு வலது கை விரல்கள் அசையவே இல்லை. ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சிக்குக் கொடுத்த பந்தைத் தூக்கி எறிந்துவிட்டார். வேறு வழி தெரியாமல், முன்பு அவர் டிவியில் மாட்டி விளையாடிய பழைய துப்பாக்கி கேமைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கீபோர்டில் நடக்கும் பட்டன்களை இடது கைக்கு வைத்தேன். சுடும் பட்டனை மட்டும் வலது பக்கம் வைத்தேன்.

கேமில் தினமும் சுட முடியாமல் செத்தார்.

"அந்தப் பட்டனையும் இங்கிட்டு மாத்திக் குடு. எரக்கமே இல்லையா ஒனக்கு?"

"மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

ஒரு மத்தியானம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இடது கையால் எட்டி அழுத்திவிட்டார் என்று கோபமாக ஓடினேன். இடது கை அதன் இடத்திலேயே இருந்தது. திரையில் குண்டு ஒரு சுவரில் பட்டிருந்தது. வலது சுண்டுவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த விரல் அசையும் என்று நானும் நம்பியிருக்கவில்லை. கோபமாக ஓடிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.