ரோசிலி சேச்சியின் அன்னாசி ஒயின்

கம்பத்தைவிட்டு விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மினி லாரியின் பின்னால் ஐம்பது பெட்டி பன்னீர்த் திராட்சை, எல்லாம் என் தோட்டத்துக் காய்ப்பு. முன்னால் டிரைவர் செல்வம், நடுவில் சேவியர், ஜன்னலோரம் நான். இத்தனை வருஷமாகப் பந்தல் போடுகிறேன், வியாபாரி முகத்தைத் தவிர வேறு முகம் பார்த்ததில்லை. என் திராட்சை எங்கே போய் என்ன ஆகிறது என்று ஒருதடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

சேவியர் மட்டாஞ்சேரிக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு மூட்டை தூக்கப் போன குடும்பம். தமிழில் பாதி மலையாளம். பத்து நாளாக எங்கள் தோட்டத்திலேயே தங்கி, கொத்துக் கொத்தாகத் தின்றுபார்த்து, இனிப்பு ஏறினதை மட்டும் வெட்டச் சொன்னார். எங்கள் வெட்டுக்காரப் பெண்கள் "இந்தாளு பொண்ணு பாக்க வந்தாரா, பழம் பாக்க வந்தாரா?" என்று கேலி பண்ணியே ஓய்ந்துபோனார்கள்.

குமுளி தாண்டி குட்டிக்கானத்தில் வண்டி நின்றது. சாயா பன்னிரண்டு ரூபாய், பருப்புவடை பத்து. பனியில் எதிர்க்கடையே தெரியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல குர்பானை பூசை முடிஞ்சதும் நம்ம அன்னாசி ஒயின் வெளியில வருது அக்கா. முதல் ஒயின். பாட்டில்ல என் சேச்சி பேருதான் ஒட்டறோம். ரோசிலி!" என்றார் சேவியர்.

காரணம் கேட்டேன். சேவியருக்கு அவர் அக்காதான் எல்லாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே பரணி என்கிற பீங்கான் ஜாடி நிறையத் திராட்சையும் சர்க்கரையும் கோதுமையும் பட்டையும் போட்டுக் கட்டிவைப்பாராம். தினமும் காலையில் துணியை அவிழ்த்து மர அகப்பையால் கிளறிக் கட்டுவாராம். தெரு முழுக்க அந்த ஒயினுக்குக் காத்திருக்குமாம். அந்தக் கைப்பக்குவத்தை நம்பித்தான் தம்பி வகுப்புக்குப் போய்ப் படித்து, உரிமம் வாங்கி, இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்.

முண்டக்கயம், பாலா, அப்புறம் வைட்டிலாவில் முக்கால் மணி நேர நெரிசல். நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம் வந்து மட்டாஞ்சேரி சேர்ந்தபோது உச்சி வெயில். கப்பல் சரக்கு வைத்திருந்த பழைய சுக்குக் கிடங்கு ஒன்றுக்கு ஓடு மாற்றி, தரையைப் பூசி, மூன்று ஸ்டீல் டேங்க் நிறுத்தியிருக்கிறார்கள். வாசலில் ரோசிலி சேச்சி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சேலை, நல்ல உயரம்.

"வா மோளே, வா" என்று என் கையைப் பிடித்தார். தம்பியிடம், "ஒருநாள் விட்டில்லடா நான். தினமும் குர்பானை முடிஞ்சு நேரே இங்க வந்து, மூடியத் திறந்து, அடியோட நல்லா கிளறி விட்டேன். நீ இல்லாத குறையே தெரியாது" என்றார்.

சேவியர் உள்ளே ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அன்னாசி டேங்கின் மூடியைச் சுற்றிக் கொசுபோலப் பழ ஈக்கள். குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தார். வாயருகே கொண்டுபோக வேண்டியதே இல்லை, மூக்கில் அடித்தது. காடி! வினிகரேதான். நுரைத்துப் பொங்கி அடங்கிய ஒயினுக்குக் காற்றே படக்கூடாது என்று தோட்டத்திலேயே சொல்லியிருந்தார் சேவியர். மூடினது மூடினபடி கிடக்கவேண்டும். பத்து நாளும் காற்றைக் கலக்கிக் கலக்கி ஊட்டியிருக்கிறார் அந்த மனுஷி.

"மூடிய டேங்க்ல கைவைக்காதேன்னு சொல்லலையா?" என்று கிசுகிசுத்தேன்.

"சேச்சிக்குப் போய் நான் ஒயினைப் பத்திச் சொல்லிக்கொடுக்கிறதா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்குள் சேச்சியும் வந்து கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். சேவியர் அவசரமாக, "ஈஸ்ட் மோசம் சேச்சி. வெயில் வேற" என்றார். சேச்சி அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்.

"நீ திராட்சைக்காரி. உனக்கு இது தெரியும். கள்ளம் சொல்லாதே. கிளறினதாலயா?"

அட கடவுளே, என்னைப் போயா கேட்கவேண்டும்! அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா சேச்சி" என்றேன்.

அவர் அழவில்லை. தானே குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். ஆயிரம் லிட்டரும் சாக்கடையில் இறங்க வெகுநேரம் பிடித்தது. சந்து முழுக்கக் காடி நெடி. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்துப் போனார்கள்.

திராட்சை காத்திருக்காதே! செல்வமும் நானும் பெட்டிகளை இறக்கினோம். சாயங்காலத்துக்குள் நசுக்கி, கழுவிய டேங்கில் தோலோடு நிரப்பியாயிற்று. சேவியர் நீளத் துடுப்பை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார்.

"இதைக் கிளறணும் சேச்சி. முதல் வாரம் தோல் மேல மிதக்கும், ரெண்டு வேளையும் அமுக்கிக் கிளறியே ஆகணும். நெஜமாத்தான் சொல்றேன். உன்னைவிட்டா ஆளில்லை."

பொய்யில்லை, திராட்சைக்கு அதுதான் முறை. நானும் சத்தியம் பண்ணினேன். சேச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்றே எடுத்துக்கொண்டார். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "வேண்டாம் மோனே, நீயே செய்" என்றார்.

தம்பி ஏணியில் ஏறித் துடுப்பைப் போட்டார். பழக்கமில்லாத கை. மேலாக அலம்பி, சுவரெல்லாம் சாறு தெறித்தது. "அடியிலருந்து..." என்று ஆரம்பித்த சேச்சி, சட்டென்று வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் இருந்தார். அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் பரணிக்கு என் செலவில் ஒரு பெட்டி திராட்சை அனுப்புகிறேன் என்றேன்.

"அனுப்பாதே மோளே" என்றார்.