ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

ஹெட்போன் வயர் கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்து அறையில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் எப்போதும் ஹெட்போன் போட்டு வாசிப்பேன். புதிதாக வாங்கிய அனலாக் சிந்தசைசரின் குமிழைத் திருப்பினேன். கீழ்ச் சுருதியில் கிளம்பிய ஓசை மெல்ல மெல்ல ஏறி வீட்டையே நிறைத்தது.

தெரணியகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிச் சங்கு அப்படித்தான் ஏறும். அதை ஊதியவர் அப்பா. சங்கு கேட்டால் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு வேறு அர்த்தம் எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடை சேறாக வருவதைப் பார்த்த அப்பா, மலை சரியப்போகிறது, எல்லோரும் கோயில் மேட்டுக்கு ஓடித் தப்பட்டும் என்று சங்கை ஊதினார்.

எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக் கூடையை மாட்டினாள்.

"ஞாயித்துக்கெழம என்னம்மா வேல?"

"சங்கு ஊதிருச்சில்ல? போகலைன்னா கங்காணி ஏசுவாரு. நீ உள்ளயே இரு."

லயத்தில் பாதிப் பேர் கூடையோடு போனார்கள். மலை லயத்தின் மேல் சரியவில்லை, பெரட்டுக் களத்தின் மேல் சரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா வைத்த பருப்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

குமிழை அவசரமாகப் பின்னால் திருப்பினேன். ஓசை இறங்கி அடங்கியது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்கம்மாவக் கூடைய எறக்கி வைக்கச் சொல்லும்மா" என்றார்.